வாங்க, மகாராணி

அத்தியாயம் 17

சிந்துஜா கால் மணி நேரமாக ஒரு எவர்சில்வர் தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஏழு வயதுப் பிள்ளையின் மடிக்கு அது பெரிய தட்டு. கழுவி, துணியால் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, திருப்தி வராமல் மறுபடி துடைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி. பத்து மணிக்கு நெல்லித்தோப்பில் டாக்டரைப் பார்க்க வேண்டும். மகளுக்குத் தலை பின்னிவிடச் சீப்போடு வந்த பூர்ணிமா தட்டைப் பார்த்ததும் நின்றாள்.

“யாருக்குடி இது?”

“அப்பாவுக்கும்மா. ராத்திரி சாப்பாட்டுக்கு வராங்களாம். அத்தை சொன்னாங்க.”

பூர்ணிமாவுக்கு நெஞ்சு ஒரு கணம் துள்ளியது. கணவன் பிரேம்குமார் போன் செய்து மூன்று வாரம் ஆகிறது. அண்ணி சுலோசனாவுக்கு மட்டும் ஏதாவது சேதி வந்திருக்கிறதா?

பால் பூத்தை அடைத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்த சுலோசனா, சமையலறை வாசலில் நின்று நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

“நான் இன்னா சொன்னேன், இது இன்னா பண்ணுது பாரு. அப்பா எப்ப வருவாரு, எப்ப வருவாருன்னு ஒரே நச்சரிப்பு. ஆமாண்டி, ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துடுவாரு, தட்டு கழுவி வையின்னேன். உடனே உக்காந்துடுச்சு.” பிறகு குரலை இறக்கினாள். “இதைத்தான் நானும் சொல்றேன் பூர்ணிமா. புள்ளைக்கு என்னமோ குறை இருக்கு.”

துள்ளிய நெஞ்சு பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்தது. பூர்ணிமா மகளின் தலைமுடியை இரண்டாக வகிர்ந்தாள்.

பாரீசுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் பிறந்த பெண் சிந்துஜா. பூர்ணிமாவின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்தவர். அந்த வழியில் அவளுக்கு வந்த குடியுரிமைதான், மில் தொழிலாளி வீட்டுப் பையனான பிரேம்குமாரைக் கல்யாணத்துக்குப் பிறகு விமானம் ஏற்றியது. தம்பியைக் கொண்டுபோனவள் என்ற கணக்கை அக்கா சுலோசனா இன்னும் தீர்க்கவில்லை. ஜனவரியில் அவன் வேலை செய்த கிடங்கை மூடினார்கள். வேறு வேலை கிடைத்ததும் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று மனைவியையும் மகளையும் முதலியார்பேட்டைக்கு அனுப்பி வைத்தான். ஆறு மாதம் என்றான். இது ஒன்பதாவது மாதம்.

சுலோசனா கெட்டவள் இல்லை. ஆனால் அவளுக்கு நேராகப் பேசத் தெரியாது. பால் பூத்துக்குத் தாமதமாக வருகிறவர்களை “வாங்க தொரை, இப்பதான் விடிஞ்சுதா?” என்று வரவேற்பாள். அதைக் கேட்பதற்கென்றே வருகிறவர்களும் உண்டு. அந்த வாய்க்கு சிந்துஜா ஒருத்திதான் பதில் சொல்வாள். “இல்லீங்க அத்தை, ஆறு மணிக்கே விடிஞ்சிடுச்சு” என்பாள், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

வீட்டோடு இருந்த இந்தக் கதை செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்துக்கும் போய்விட்டது. சிந்துஜாவின் தமிழ் நோட்டைப் பார்த்த டீச்சர், “ஆகா, எழுதிக் கிழிச்சிருக்க. போய் பெரிய மேடத்துகிட்ட காட்டிப் பரிசு வாங்கிக்கோ” என்றிருக்கிறாள். வகுப்பே சிரித்தது. சிந்துஜாவும் சிரித்தாள். பிறகு நோட்டைப் புரட்டி, பக்கம் எதுவும் கிழியவில்லை என்று உறுதி செய்துகொண்டு, நேராகத் தலைமை ஆசிரியையின் அறைக்குப் போய் மேசை முன்னால் நின்று பரிசுக்குக் கை நீட்டினாள்.

மறுநாள் பூர்ணிமாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். ஒன்று இது திமிர், இல்லாவிட்டால் புத்தி மந்தம் என்றார் தலைமை ஆசிரியை. பிள்ளைக்குக் குறை ஒன்றும் இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் இரண்டாம் வகுப்பில் இருக்கலாம். சீட்டு வராவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து யு.கே.ஜி. பிள்ளைகளோடு உட்கார வேண்டியதுதான்.

ஒரே மண்டையில் இரண்டு பாஷையை ஊற்றினால் கலங்காமல் என்ன செய்யும் என்பது சுலோசனாவின் கட்சி. அன்றிலிருந்து வீட்டில் பிரெஞ்சுக்குத் தடை. பூர்ணிமாவும் பயத்தில் தலையாட்டிவிட்டாள். மூன்று நாளாக சிந்துஜா பாதி வாயை மூடிக்கொண்டு திரிந்தாள். இன்றைக்கு டாக்டரும் அதையே சொல்லிவிட்டால், பிறந்ததிலிருந்து பேசிய பேச்சைப் பிள்ளை அடியோடு விட்டுவிட வேண்டும்.

ஒன்பதரைக்கு மூவரும் கிளம்பினார்கள். சுலோசனா, யாரும் கூப்பிடாமலே, தானும் வருகிறேன் என்று நல்ல புடவை கட்டிக்கொண்டாள். சாவியை வாங்கிக்கொண்ட பக்கத்து வீட்டுச் சின்னப்பாப்பாவிடம் சிந்துஜா கையசைத்தாள்.

“நான் போறேன் ஆன்ட்டி.”

“போறேன்னு சொல்லக் கூடாதுன்னு எத்தினி வாட்டி சொல்றது?” என்றாள் சுலோசனா. “வரேன்னு சொல்லு.”

“ஆனா நான் போறேனே அத்தை. ஏன் வரேன்னு சொல்லணும்?” சிந்துஜா யோசித்தாள். “அப்பாவும் ஏர்போர்ட்ல வரேன்னுதான் சொன்னாங்க. அப்புறம் வரவே இல்ல.”

பெரியவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஆட்டோவில் ஏறினார்கள்.

*

குழந்தை மருத்துவர் தெய்வசிகாமணிக்கு அறுபது வயது இருக்கும். வழுக்கைத் தலை, மூக்கு நுனியில் கண்ணாடி. மேசை மீது அட்டைகள், பேனாக்கள், மாத்திரை விளம்பரக் காலண்டர், ஒரு டம்ளர் தண்ணீர். நடுவில் கை வைக்க இடமில்லை. பூர்ணிமா சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் பெரியவர்களை ஓரமாக உட்காரச் சொன்னார். சிந்துஜாவுக்கு எதிரில் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பேர், வயது, பிடித்த சாப்பாடு எல்லாம் கேட்டார். பளிச்சென்று பதில் வந்தது. பிறகு, வீட்டில் உன்னை யாருக்கு ரொம்பப் பிடிக்கும் என்று கேட்டார்.

பூர்ணிமா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

“அத்தைக்கு” என்றாள் சிந்துஜா.

சுலோசனா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“அப்படியா? எப்படித் தெரியும்?”

“அவங்க மட்டும்தான் என்னை வாங்க, போங்கன்னு கூப்பிடுவாங்க. காலையில எழுந்தா ‘வாங்க மகாராணி’ன்னு சொல்லுவாங்க. நான் பால கொட்டிட்டா கூட திட்ட மாட்டாங்க. ‘ரொம்ப நல்லாருக்கு, இன்னும் கொஞ்சம் கொட்டு’ன்னு சொல்லுவாங்க. அம்மா திட்டுவாங்க.”

டாக்டர் கண்ணாடிக்கு மேலாக சுலோசனாவைப் பார்த்தார். அவள் காலண்டரில் தேதி பார்த்துக்கொண்டிருந்தாள். காது மடல் சிவந்திருந்தது.

டாக்டர் ஓர் அட்டையை எடுத்தார். தரையில் உடைந்து கிடக்கும் பானை, பக்கத்தில் ஒரு பையன், இடுப்பில் கை வைத்து நிற்கும் அம்மா. “இந்த அம்மா சொல்றாங்க, ‘ரொம்ப நல்ல வேலை பண்ணின’ன்னு. அம்மாவுக்கு சந்தோஷமா, கோவமா?”

சிந்துஜா படத்தை உற்றுப் பார்த்தாள். நெற்றி சுருங்கியது. “சந்தோஷம்” என்றாள் கடைசியில். “நல்ல வேலைன்னு சொன்னாங்கல்ல.”

டாக்டர் தாளில் ஏதோ குறித்தார். அடுத்த அட்டைக்கும் அதே கதைதான். அதற்கடுத்ததற்கும். அவர் பேனா ஒவ்வொரு முறை அசையும்போதும் பூர்ணிமாவின் கண் முன்னால் யு.கே.ஜி. வகுப்பின் குட்டி நாற்காலி வந்து நின்றது. சுலோசனா ‘நான் சொல்லலையா’ என்று ஒரு பார்வை பார்த்திருக்க வேண்டிய நேரம். ஏனோ அவள் பார்க்கவில்லை.

நான்காவது அட்டை மேசையின் அந்தக் கோடியில் இருந்தது. டாக்டர் உட்கார்ந்தபடியே கை நீட்டினார். முழங்கை டம்ளரில் பட்டது. தண்ணீர் மேசை முழுக்க ஓடி, அட்டைகளை நனைத்து, அவர் குறித்து வைத்திருந்த தாளின் வழியாக அவருடைய பேண்ட்டிலேயே இறங்கியது.

சிந்துஜா கால்களைத் தூக்கிக்கொண்டாள். ஈரத்தைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள். புருவம் ஒன்று மேலே போக, மூன்று நாளாக மூடியிருந்த பாதி வாய் திறந்தது.

“பிராவோ. ஸே மலேன்.”

பூர்ணிமாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. டாக்டருக்கோ முகம் மலர்ந்தது. கைக்குட்டையால் பேண்ட்டைத் துடைத்தபடியே, எட்டாவது வரைக்கும் தானும் பிரெஞ்சு படித்தவன்தான் என்றார். மலேன் என்றால் கெட்டிக்காரத்தனம் என்பது இன்னும் ஞாபகம் இருக்கிறதாம். “மெர்சி, ரொம்ப நன்றி பாப்பா. என்னைக் கெட்டிக்காரன்னு சொல்ல நீயாவது இருக்கியே.”

சிந்துஜா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. கண்ணால் அம்மாவைக் கேட்டாள்: சொல்லிடலாமா?

பூர்ணிமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று வாரமாக எங்கோ போயிருந்த சிரிப்பு. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

“சார், அது பாராட்டு இல்ல.”

“பின்ன?”

“தண்ணியத் தட்டி விட்டீங்கல்ல. ‘ஆகா, ரொம்ப சாமர்த்தியம்தான்’ங்கிற மாதிரி… கிண்டல் சார்.”

டாக்டர் சொட்டுகிற அட்டையைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றார். பிறகு மெதுவாக முக்காலியில் உட்கார்ந்து, சிந்துஜாவின் உயரத்துக்குக் குனிந்தார்.

“என்னையா கிண்டல் பண்ணின?”

தலை குனிந்தபடியே ஆட்டல்.

“நான் மெர்சி சொன்னேனே, அப்ப என்ன நெனச்ச?”

“பாவம், இவருக்குப் புரியலைன்னு நெனச்சேன்.”

டாக்டர் சிரித்த சிரிப்பில் வெளியே டோக்கனோடு உட்கார்ந்திருந்தவர்கள் கதவைத் திரும்பிப் பார்த்திருப்பார்கள். “இதைத்தாம்மா அந்த டீச்சர் இவளைப் பத்தி நெனச்சிருக்காங்க” என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “இவளை யு.கே.ஜி.க்கு அனுப்பினா, கூடவே என்னையும் ஒரு பிரெஞ்சு யு.கே.ஜி.க்கு அனுப்பணும்.”

பிறகு பூர்ணிமாவிடம் விசாரித்தார். அந்த ஊரில் இவள் யாரோடு பிரெஞ்சு பேசினாள்? பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு, மாடிப்படியில் விளையாடுகிறவர்களோடு, சண்டை, சமாதானம், கேலி எல்லாம் அதில்தான் என்றாள் பூர்ணிமா. சரி, தமிழ்?

“என்னோட மட்டும்தான் சார். அவங்க அப்பா வேலைக்குப் போயிட்டு வந்தா தூங்கத்தான் நேரம் இருக்கும்.”

“நீ இவளைத் தமிழ்ல கேலி பண்ணுவியா?”

பூர்ணிமா யோசித்தாள். நாலாவது மாடியில் ஒற்றை அறை வீடு. வெளியே பனி. உள்ளே அவளும் குழந்தையும். கண்ணு, செல்லம், சாப்பிடுடா, தூங்குடா, ஏண்டி அழுக்கு பண்ற. ஆசை வந்தால் கொஞ்சினாள், கோபம் வந்தால் நேராகத் திட்டினாள். சொல்லுக்கு ஒரு அர்த்தம், மனசில் வேறொரு அர்த்தம் என்று அந்த அறையில் தமிழ் ஒருநாளும் பேசப்படவில்லை. பேச ஆள் ஏது? ஏழு வயதுப் பிள்ளையை “வாங்க” என்றால் அது மரியாதை இல்லை, குத்தல் என்பதை இந்த ஊர்ப் பிள்ளைகள் நடக்கத் தொடங்கும்போதே பிடித்துக்கொள்கின்றன. சிந்துஜாவுக்கு அதைச் சொல்ல ஒருவரும் இல்லை.

“இல்ல சார்” என்றாள். “ஒரு தடவை கூட இல்ல.”

“அவ்வளவுதான் விஷயம். குறை புத்தியில இல்ல, பழக்கத்துல. எந்தப் பாஷையையும் நிறுத்தாதீங்க. ரெண்டையும் பேசுங்க. கிண்டலும் பண்ணுங்க. பண்ணிட்டு, இது கிண்டல்னு கொஞ்ச நாளைக்குச் சொல்லிடுங்க. ஒரு தடவை ஓட்டம் புரிஞ்சுதுன்னா, அப்புறம் உங்களால இவளைச் சமாளிக்க முடியாது.”

ஈரம் படாத ஒரு தாளைத் தேடி எடுத்து, முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பூர்ணிமா அதை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தாள். வாசலுக்கு வருவதற்குள் இரண்டு தடவை எடுத்துப் பார்த்துக்கொண்டாள்.

*

பன்னிரண்டு மணிக்குள் சீட்டு தலைமை ஆசிரியையின் மேசைக்குப் போய்விட்டது. அவர் இரண்டு முறை படித்தார். திங்கட்கிழமை இரண்டாம் வகுப்புக்கே வரட்டும் என்றார். டீச்சரிடம் தானே பேசுவதாகவும் சொன்னார். அதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு சொல் வரவில்லை, பூர்ணிமாவும் எதிர்பார்க்கவில்லை. வெளியே வந்து, பள்ளிக்கூடச் சுவரின் நிழலில் ஒரு நிமிடம் சும்மா நின்றாள். மூச்சு அடிவயிறு வரை போய்த் திரும்பியது.

சிந்துஜா முன்னால் ஓடிக் குல்பி வண்டியின் பக்கத்தில் நின்றாள். சுலோசனா அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

“நான் அதைத் திட்டினேன் பூர்ணிமா. ஒம்பது மாசமா. உன்மேல இருந்த கோவத்தையும் சேத்து. அது கொஞ்சுறேன்னு நெனச்சுக்கினு இருந்திருக்கு.”

இந்த ஒன்பது மாதத்தில் அண்ணி நேராகப் பேசிய முதல் வாக்கியம் இதுதான்.

“திட்டுன்னு தெரிஞ்சிருந்தா அழுதிருக்கும் அண்ணி. தெரியாததால உங்ககிட்ட ஒட்டிக்கிச்சு.”

சுலோசனா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, குல்பிக்காரரிடம் மூன்று கேட்டாள். தனக்குப் பல் கூசும் என்று எப்போதும் வேண்டாம் என்பவள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் தோசை ஊற்றினாள். நினைப்பு எங்கோ இருந்ததில் முதல் தோசை கருகிவிட்டது. சிந்துஜா தட்டை நீட்டிக்கொண்டு நின்றவள், அந்தக் கரிய வட்டத்தைப் பார்த்தாள். பிறகு அத்தையின் முகத்தை, டாக்டர் தன்னைப் பார்த்தாரே, அதே மாதிரி உன்னிப்பாகப் பார்த்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

“ரொம்ப நல்லாருக்குங்க, மகாராணி. இன்னும் கொஞ்சம் கருக்குங்க.”

பூர்ணிமா தேங்காய் துருவுவதை நிறுத்தினாள்.

“சரியா சொன்னேனா?” என்றாள் சிந்துஜா, கொஞ்சம் பயந்து.

சுலோசனா சிரிக்கத் தொடங்கினாள். தோசைத் திருப்பியைக் கீழே வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இரண்டாவது தோசையும் கருகியது.

சிரிப்பு அடங்கியதும் சிந்துஜா அடுத்த கேள்வியைக் கேட்டாள். அவள் கேட்பாள் என்று பூர்ணிமா மத்தியானத்திலிருந்தே பயந்துகொண்டிருந்த கேள்வி.

“அப்ப, நீங்க என்னை மகாராணின்னு சொன்னதெல்லாம் நெஜம் இல்லையா அத்தை?”

சுலோசனா அடுப்பைச் சின்னதாக்கினாள்.

“நேத்து வரைக்கும் சும்மா சொன்னேன். இன்னிலேருந்து நெஜமா சொல்றேன்.” ஒரு வினாடி விட்டு, “பால கொட்டினா மறுபடி சும்மாதான்” என்றாள்.

“எது சும்மா, எது நெஜம்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கிறது?”

“மூஞ்சியப் பாரு. வாய் என்ன வேணா சொல்லும். மூஞ்சியப் பாத்தா தெரிஞ்சுடும்.”

இதை சிந்துஜா கவனமாக மனதில் வாங்கிக்கொண்டாள். அப்போது கூடத்தில் பூர்ணிமாவின் செல்போன் அடித்தது.

பூர்ணிமாவின் கை முழுக்கத் தேங்காய்த் துருவல். சிந்துஜாதான் ஓடினாள். “அப்பா” என்று அவள் கத்தியது சமையலறை வரை கேட்டது. மூன்று வாரம் கழித்து. பூர்ணிமா அவசரமாகக் கை கழுவினாள். கூடத்தில் டாக்டரின் ஈரப் பேண்ட், குல்பி, கருகிய தோசை என்று கதை ஓடிக்கொண்டிருந்தது. நடுவே, “அம்மாவா? கோவமா இல்லப்பா, இன்னிக்கு சிரிச்சாங்க” என்று ஒரு பதில். அவள் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வருவதற்குள் போன் நின்றுவிட்டது.

சிந்துஜா போனைக் கையில் வைத்துக்கொண்டு குழப்பத்தோடு நின்றாள்.

“அம்மா, அப்பா வரேன்னு சொல்லிட்டு வெச்சுட்டாங்க. இந்த வரேன் போறேனா, இல்ல நெஜமாவே வரேனா? போன்ல மூஞ்சி தெரியல.”

பூர்ணிமாவுக்கு ஏர்போர்ட்டில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவன் வாய் அசைந்தது ஞாபகம் வந்தது. அப்போது அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பார்த்தும் தெரியவில்லை.

“வேற என்ன சொன்னாரு?”

“வேற ஒண்ணும் சொல்லல. பின்னாடி யாரோ கத்திக்கிட்டே இருந்தாங்க. டீ குடிக்கிறவங்க குடிங்க, வண்டி பத்து நிமிஷம்தான் நிக்கும்னு.”

பூர்ணிமா போனை வாங்கிப் பார்த்தாள். பிரேம்குமார் கூப்பிட்டால் முன்னால் எப்போதும் பிரெஞ்சு நாட்டு எண் 33 இருக்கும். இதில் இல்லை. 04147 என்று தொடங்கியது. சமையலறை வாசலுக்கு வந்துவிட்ட சுலோசனா, தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

“அது திண்டிவனம் நம்பராச்சே” என்றாள்.

திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். சொல்லாமல் கொள்ளாமல், மூன்று வாரம் பேசாமல் இருந்துவிட்டு, எதற்காக இப்படி வருகிறான்? கூட்டிப்போகவா, அங்கே எல்லாவற்றையும் விட்டுவிட்டா? கோபப்படுவதா, அழுவதா என்று பூர்ணிமாவுக்குப் புரியவில்லை.

சிந்துஜா இருவரின் முகத்தையும் மாறி மாறிப் படித்தாள். பிறகு அலமாரிக்குப் போய், காலையில் துடைத்து வைத்த எவர்சில்வர் தட்டை எடுத்து வந்து, மற்ற மூன்று தட்டுகளுக்குப் பக்கத்தில் நாலாவதாக வைத்தாள்.

சுலோசனா தோசை மாவுப் பாத்திரத்தைத் திறந்து பார்த்தாள். தம்பிக்கு ராத்திரியில் சோறுதான் பிடிக்கும். அரிசி டப்பாவின் மூடியைத் திறந்து, ஒரு ஆழாக்கு அளந்து போட்டாள். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, இன்னும் ஒரு ஆழாக்கு போட்டாள்.